உட்கார்ந்து சாப்பிடுவது

கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இளம் தோழர் ஒருவர் கேட்டார்: “என்னண்ணே, ஞாயித்துக்கெழமை ஆனா தி.நகரு, மாலு, ஹோட்டல்னு சுத்துறீங்களாமே. சேரி மறந்துபோச்சா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. என் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சென்னை பிடிக்கும். பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் வேலை எதுவும் இல்லாமல் நடப்பது பிடிக்கும். சட்டைத் துணியைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, வாங்காமல் வருவது பிடிக்கும். நெய் ரோஸ்ட்டும் டிகிரி காப்பியும் பிடிக்கும். வடசென்னையில் தள்ளுவண்டிக்காரர் மந்தாரை இலையில் வைத்துத் தரும் பீஃப் வறுவல் அதைவிடப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ரங்கநாதன் தெருக் கூட்டம் பிடிக்கும். தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிற அந்தத் தெருவில் எவனும் தீட்டுப் பார்த்து நடக்க முடியாது.

இதில் என்ன பெரிய சந்தோஷம் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் டீக்கடையைப் பார்த்ததில்லை. எங்களுக்கான கிளாஸ் வெளியே கூரையில் செருகியிருக்கும். எங்கப்பா அதை எடுத்து, தானே கழுவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீட்டுவார். கடைக்காரர் மேலிருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு மறுபடி கழுவிச் செருகிவிட்டு வரவேண்டும். பெஞ்சு காலியாகவே கிடந்தாலும் அது எங்களுக்கில்லை.

1986-ல் படிக்கச் சென்னைக்கு வந்தேன். விடுதியில் இடம் கிடைத்த அன்று ஒரு ஓட்டலுக்குள் தனியாகப் போனேன். எல்லோருக்கும் வைத்த அதே எவர்சில்வர் டம்ளரில் எனக்கும் தண்ணீர் வைத்தார்கள். ரெண்டு இட்லி, ஒரு வடை. சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவுகிற இடத்தைத் தேடினேன். சப்ளையர் பார்த்துவிட்டு, “தம்பி, வச்சிட்டுப் போங்க” என்றார். அந்தப் ‘போங்க’ எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றுவரை எங்களை யாரும் ‘போங்க’ என்று சொன்னதில்லை, ‘போடா’தான்.

இது சும்மா வந்ததில்லை. பொதுச் சாலை, கிணறு, பொது இடம் எதிலும் எங்கள் மக்கள் நடமாடத் தடையில்லை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-ல். ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, உணவகம், ஓட்டல், கேளிக்கை இடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இட்லிக் கடையில் என்ன அக்கறை என்று தோன்றலாம். கொலம்பியாவில் படித்துத் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கரை, சாதி தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். அவருக்கு அக்கறை இருந்தது.

‘எளிமையா இருங்க’ என்று நமக்குச் சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். எளிமை என்பது இருக்கிறவன் துறப்பது. நமக்கு அது விதிக்கப்பட்ட தண்டனை. 1930-ல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் போட்ட எட்டுத் தடைகளில் நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பதெல்லாம் உண்டு. ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் தீண்டப்படாதவர்கள் தங்கள் விருந்தில் நெய் சேர்த்ததற்காகவே தடிகளோடு வந்து தாக்கினார்கள். ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார். அவன் காசில் வாங்கிய நெய்யை அவனே தின்றதுதான் குற்றம். அப்படியிருக்க, நான் நெய் ரோஸ்ட் தின்பதை வெறும் நாக்கு ருசி என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் தோழரின் கேள்வி இதோடு தீரவில்லை. தீராததற்குக் காரணம் நான்.

சில மாதங்களுக்கு முன் மகளோடு ஒரு பெரிய ஓட்டலுக்குப் போயிருந்தேன். கூட்டம். எங்கள் மேசையிலேயே ஒரு பெரியவரையும் உட்கார வைத்தார்கள். என் பேச்சைக் கேட்டு, “விழுப்புரம் பக்கமா?” என்றார். ஆமாம் என்றேன். அவருக்கும் அந்தப் பக்கம்தானாம். முகம் மலர்ந்தது. எந்த ஊர் என்றார், சொன்னேன். “ஊர்ல எந்தத் தெரு?” என்றார்.

அந்தக் கேள்வி என்ன கேள்வி என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. “மெயின் ரோட்டோரமா” என்று சொல்லிவிட்டு சாம்பார் கேட்டேன். எங்கள் காலனி ரோட்டோரத்தில் இல்லை. ஏரிக்கரையைத் தாண்டி இருக்கிறது. வண்டியில் திரும்பும்போது மகள் கேட்டாள்: “ஏம்பா அப்பிடிச் சொன்ன?” அவளுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில், தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமே என்று மற்ற மாணவர்களோடு பழகாமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படித்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், நெய் ரோஸ்ட்டும் வந்துவிட்டது. பயம் மட்டும் அதே பயம்.

நகரம் எனக்குத் தருவது என்ன என்று அன்றுதான் யோசித்தேன். யாருக்கும் தெரியாத வரைக்கும் கிடைக்கிற சலுகை அது. அதைச் சமத்துவம் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் மேசையைக் கொடுக்க நகரத்துக்குக் காசு போதும். வாடகைக்கு வீடு கொடுக்கும்போது “நீங்க நான்வெஜ்ஜா?” என்று அதே நகரம் சுற்றிவளைத்துக் கேட்கிறது.

இன்னொன்றையும் நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். எங்கள் மேசையைத் துடைத்த அம்மாவுக்கு வீடு கண்ணகி நகர். ஊர் பெயரை யாரிடமும் மறைக்காமல் சொல்கிறார். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்தவர்களை 2000-லிருந்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். நகரம் அழகாயிற்று. அந்த அழகில்தான் நான் நடக்கிறேன். துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். என் தட்டைக் கழுவின தண்ணீர் போகிற சாக்கடைக்குள் யார் இறங்குகிறார்கள்? 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம். செத்தால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023-ல். சாவு நிற்கவில்லை. ‘பிராமணாள்’ போர்டு இறங்கிவிட்டது. சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற குழிக்குள் இறங்குகிறவர் மாறவில்லை.

அப்படியானால் போகாமல் இருந்துவிடலாமா? இருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன லாபம்? என் நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார். நெய்யைப் பிடுங்கினவனின் வாரிசுக்குத்தான் அது திருப்தி. ரசிப்பது துரோகம் இல்லை தோழரே. நான் உட்கார்ந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்தது என்று நினைப்பது துரோகம். உட்கார்ந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏரிக்கரையை மறைப்பது துரோகம். அதை நான் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் போனோம். துணிக்கடையில் பில் போட்ட பெண்ணிடம், உட்கார ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு சார், மேனேஜர் இல்லாதப்ப” என்றாள். கடை மேலாளரிடம் போய்ச் சட்டத்தைச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஓட்டலில் எங்களோடு யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. “எந்தத் தெரு” என்று இனி யாராவது கேட்டால், காலனி என்று மகள் எதிரிலேயே சொல்ல வேண்டும். கேட்டவர் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனால் போகட்டும். நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.