அண்மையும் சேய்மையும்: நடிப்பின் அறம் பற்றிய ஒரு சிந்தனை

தனதல்லாத துயரைத் தன் மெய்யில் ஏற்றுப் பிறர்முன் காட்டும் கலையே நடிப்பு. அவ்வாறு காட்டுவோர் யாருக்குக் கடப்பாடுடையர்? ஏற்ற பாத்திரத்துக்கா, தம் உள்ளத்துக்கா, அன்றி எவருடைய வாழ்வு அரங்கேறுகின்றதோ அவர்களுக்கா? இவ்வினாவை ஆராய்தற்கு ஆங்கில நடிகை ஒருவரின் வாழ்வும் ஊவாத் தோட்டங்களின் கூத்து மரபும் ஒருங்கே துணைபுரிகின்றன.

விவியன் லீ 1913இல் டார்ஜிலிங்கிற் பிறந்தவர். தேயிலை மலையின் மடியிற் பிறந்தவர் எனலாம். 'கோன் வித் த விண்ட்' (1939), 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்' (1951) ஆகிய படங்களுக்காக இருமுறை ஒஸ்கார் விருது பெற்றவர். பின்னதன் மூல நாடகத்தை 1949இலேயே இலண்டன் மேடையில் நடித்திருந்தார். 1953இல் 'எலிபன்ட் வோக்' என்னும் படத்திற்காக இலங்கைக்கு வந்தார். தோட்டத் துரையொருவரை மணந்து இலங்கைக்கு வரும் ஆங்கிலப் பெண்ணின் கதை அது. நெடுநாள் அவரை வருத்திய உளநோய் அவ்வேளையில் முற்றியது. அவர் படத்தினின்று விலக நேர்ந்தது. எலிசபெத் டெய்லர் அப்பாத்திரத்தை ஏற்க, 1954இல் படம் வெளிவந்தது. ஆயினும் முகம் புலனாகாத சேய்மைக் காட்சிகள் சிலவற்றில் இன்றும் தோன்றுபவர் விவியன் லீயே.

சிறந்த நடிகன் தான் உணராமலே பிறரை உணரச் செய்வான் என்றார் பிரெஞ்சு மெய்யியலாளர் திதரோ. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ அழுகை முதலிய எட்டினையும் உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் வெளிப்படுதலோடு இயைத்துப் பேசுகின்றது. முன்னதன்படி நடிப்பு திறன். பின்னதன்படி அதற்கு உள்ளமும் வேண்டும். விவியன் லீயின் நோய்க்கு நடிப்பே காரணம் என்பது பொருந்தாது, நோய் நோயே. எனினும் சிதையும் மனத்தைத் திரையிற் கண்டு வியந்த உலகம், அம்மனம் மெய்யாகவே சிதைந்தபோது எங்கு நின்றது என்பது அறத்தின்பாற்பட்ட வினாவாகும். அவர் தளரவில்லை, 1955இல் ஸ்ட்ரட்போர்ட்டில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார், 1963இல் 'தொவாரிச்' நாடகத்திற்காக டோனி விருதும் பெற்றார். 1967இற் காலமானார்.

அப்படத்தில் இன்னுமொரு சேய்மை உண்டு. துரையும் துரைசாணியும் அண்மையில் நின்று காதலிக்க, தோட்டத்து உழைப்பாளர் தொலைவில் நின்று பின்னணியாகின்றனர். இஃது அக்கால அரசியலின் நிழலுமாகும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் அவர்தம் பிரதிநிதி ஒருவரேனும் அவையில் இல்லை. மறு ஆண்டிலேயே தோட்ட வாழ்வைப் படமாக்கக் கமெரா வந்தது. நாட்டின் ஏட்டிற் பெயரற்றோர், திரையிலும் முகமற்றோராயினர்.

பதுளை, பசறை, அப்புத்தளை போன்ற இடங்களின் தோட்டங்களிலும் நடிப்பு உண்டு. மாசி மாதத்திற் கம்பம் நட்டு, விரதம் பூண்டு ஆடப்படும் காமன் கூத்தே அது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிய, ரதி புலம்புகின்றாள். அவளாகி அழுபவன் அதே லயத்தைச் சேர்ந்தவன். மறுநாட் காலை பெரட்டுக்கு நிற்பவனும் அவனே. பாத்திரத்துட் புகவும் அதனின்று மீளவும் விரதம் அவனுக்கு வழி வகுக்கின்றது. கண்டு அழுதோரே அவனைத் தம்முள் மீண்டும் ஏற்கின்றனர். திதரோ கூறிய திறனும் மெய்ப்பாடு வேண்டும் உள்ளமும் இங்கு முரணின்றிக் கூடுகின்றன. நடிகனைத் தாங்க ஓர் ஊர் இருப்பதே காரணம்.

ஆயின் கூத்தையும் குறையற்றதெனல் ஆகாது. மரபுப்படி ரதியாக ஆடுபவன் ஆணே. கொழுந்து பறித்துத் தோட்டத்தை வாழவைத்த பெண், தன் இனத்தின் துயரைத் தானே ஆடும் உரிமையின்றிப் பார்வையாளராக நின்றாள். திரையில் அவள் தொலைவில் நின்றாள். கம்பத்தடியிலும் வட்டத்தின் புறத்தே நின்றாள்.

எனவே நடிப்பின் அறம் மேடையோடு முடிவதன்று. ஆடுவோரை ஆட்டம் முடிந்தபின் தாங்குதலும், எவருடைய வாழ்வு காட்டப்படுகின்றதோ அவர்க்கு முகமும் குரலும் அளித்தலும் காண்போரின் கடன்களாகும். அடையாளம் தெரியாத தொலைவில் நடந்த விவியன் லீயும், அதே தொலைவிற் கூடையுடன் நின்ற பெண்ணும் ஒரே படச்சுருளிற் பதிந்துள்ளனர். முன்னவரின் பெயரை வரலாறு மீட்டுவிட்டது. பின்னவளின் பெயரை இன்றளவும் எவரும் வினவவில்லை.