பேச வைப்பவர்களுக்கும் ஓர் உரிமை உண்டு





வாராவாரம் இங்கே நீங்கள் கேட்பதை 'பயான்' என்று சொல்கிறோம். இந்தச் சொல் சூரா ரஹ்மானின் தொடக்கத்திலேயே இருக்கிறது. குர்ஆனைக் கற்றுத் தந்ததையும் மனிதனைப் படைத்ததையும் சொன்ன கையோடு, அவனுக்கு பயானைக் கற்றுக் கொடுத்ததை அல்லாஹ் நினைவூட்டுகிறான். மனதில் உள்ளதை அடுத்தவனுக்குப் புரியும்படி சொல்கிற ஆற்றல்தான் அது. காது, பார்வை, உடல் பலம் இவற்றுக்கெல்லாம் நன்றி சொல்கிறோம். நாக்கு புரண்டு ஒரு சொல் வெளியே வருவதற்கு நம்மில் எத்தனை பேர் ஷுக்ர் செய்திருப்போம்?

இந்த நிஃமத் கிடைக்காத, அல்லது கிடைத்துப் பறிபோன மனிதர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு சகோதரி, இரண்டு மாதத்திற்கு முன் தன் அத்தாவோடு என்னைப் பார்க்க வந்தார். ஸ்பீச் தெரபிஸ்ட். நான்கு வருடப் பட்டப்படிப்பு. அதில் கடைசி ஒரு வருடம் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த பிறகே தொழில் செய்ய முடியும். மைசூரில் 1965 முதல் இதற்கென்றே ஓர் அகில இந்திய நிறுவனம் இருக்கிறது. நம் வீடுகளிலோ, "பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக் கொடுக்கிற டீச்சர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அவர் கேட்ட கேள்வி இதுதான். "ஹஜ்ரத், ஒரு நாள் சாயங்காலம், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரலைன்னு போன் வந்துச்சு. உடனே என் மனசு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிருச்சு. ஒரு பிள்ளை நோயில கிடக்கு, நான் நிம்மதியாகுறேன். நான் கெட்டவளாயிட்டேனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸப்ர் செய்யுங்கம்மா, இதுக்கெல்லாம் பெரிய நன்மை இருக்கு" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு. முழுதாகக் கேட்காமலேயே பதில் சொல்லியிருக்கிறேன். அடுத்தவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதே அவருடைய வேலை. அவரிடம் நான் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. மறுவாரம் அவருடைய அத்தாவிடம் சொல்லி, திரும்ப வரச் சொல்லி, உட்கார்ந்து கேட்டேன்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இதில் நாமும் இருக்கிறோம்.

காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சையை இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை பேசிவிடும் என்று குடும்பம் நினைக்கிறது. கருவி ஒலியைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஒலி கதவு தட்டுகிற சத்தமா, அம்மா கூப்பிடுகிற சத்தமா என்பதை ஒவ்வொன்றாகப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு மாதங்கள், வருடங்கள் ஆகும். குழந்தைகளுக்கு உதடு சேர்ந்து வரும் 'ம', 'ப' முதலில் வரும், 'ர' பிந்தி வரும். ('ழ' வராத பெரியவர்களே நம்மில் பாதிப் பேர், அது வேறு விஷயம்.) ஒரே சொல்லை நூறு முறை, ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வது போன்ற முகத்தோடு அவர் சொல்ல வேண்டும். சலிப்பு முகத்தில் தெரிந்தால் பிள்ளை மூடிக்கொள்ளும்.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பற்றியும் சொன்னார். மனைவியின் பெயரைக் கேட்டால் "அது... அது..." என்பதற்கு மேல் வரவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வருகிறது. ஒரு நாள் இவர் பிஸ்மில்லாஹ் என்று ஆரம்பித்துக் கொடுத்ததும், அந்தப் பெரியவர் ஃபாத்திஹா சூராவைத் தடையில்லாமல் முழுக்க ஓதிவிட்டார். குடும்பமே அழுதது, குணமாகிவிட்டார் என்று இனிப்பு வாங்கப் போனார்கள். பல்லாண்டுகள் ஓதி ஓதிப் பதிந்த வரிசை மூளையில் தப்பி நிற்பது உண்டு. எண்களை வரிசையாகச் சொல்வதும் அப்படித்தான். புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுத்துப் பேசுகிற ஆற்றல் வேறு. இதை அந்தக் குடும்பத்திடம், அந்த மகிழ்ச்சியின் நடுவில், இவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்கு ராத்திரி என்னால சாப்பிட முடியல ஹஜ்ரத்" என்றார்.

இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பேர். ஒருவருக்கு 45 நிமிடம். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாய்: "இன்னைக்கும் அம்மான்னு சொல்லல." இன்னொருவர் முகத்துக்கு நேராக, "காசு வாங்குறீங்கல்ல, ஆறு மாசமாச்சே?" வீட்டில் அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள். ஸ்கூலில் நடந்ததையெல்லாம் சொல்ல ஓடி வருவாளாம். "நாள் பூரா ஊர்ப் பிள்ளைங்களைப் பேசு பேசுன்னு கெஞ்சிட்டு, என் பிள்ளை பேச வந்தா, கொஞ்ச நேரம் சும்மா இருடின்னு சொல்றேன். இப்பல்லாம் அவ சொல்ல வர்றதே இல்ல."

சகோதரர்களே, மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது?

ஸல்மான் ஃபார்ஸி (ரலி), அபூதர்தா (ரலி) இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக ஆக்கி வைத்திருந்தார்கள். ஸல்மான் (ரலி) பார்க்கப் போனபோது, உம்முதர்தா (ரலி) தம்மைக் கவனித்துக்கொள்ளாத கோலத்தில் இருந்தார்கள். விசாரித்ததில், உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எந்தத் தேவையும் இல்லை என்ற கருத்தில் பதில் வந்தது. அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவரைச் சாப்பிட வைத்தார்கள், இரவில் எழுந்தபோதெல்லாம் படுக்க வைத்தார்கள். கடைசிப் பகுதியில்தான் எழுப்பி இருவரும் தொழுதார்கள். உம் இறைவனுக்கும், உமக்கும், உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை இருக்கிறது, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்று சொன்னார்கள். இது நபி (ஸல்) அவர்களிடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். புகாரியில் உள்ள செய்தி.

இதில் நான் பல வருடம் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. தாம் எல்லை தாண்டிப் போவது அபூதர்தா (ரலி) அவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டைப் பார்த்த இன்னொருவருக்குத்தான் தெரிந்தது. நல்ல காரியத்தில் மூழ்கியவருக்குத் தன் சோர்வு தெரியாது, செய்வது நல்லதாயிற்றே என்ற நினைப்பு அதை மறைத்துவிடும். முதலில் வீட்டில்தான் தெரியும். அந்தச் சகோதரியின் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை சொல்வதை நிறுத்தியதுதான் அந்த அறிகுறி.

இன்னொரு சம்பவம். பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு. தொழுது களைத்தால் பிடித்துக்கொள்ள ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது. அதை அவிழ்க்கச் சொன்னார்கள் நபி (ஸல்). உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். தொழுகைக்கே அந்தக் கயிறு வேண்டாம் என்றால், நம்முடைய உத்தியோகத்துக்கு எத்தனை கயிறுகள் கட்டி வைத்திருக்கிறோம்!

இங்கே ஒருவர் கேட்கலாம்: பாதம் வீங்கும் அளவுக்கு நபியவர்களே நின்று தொழுதார்களே? உண்மைதான். தனியாகத் தம் இறைவன் முன் நின்றபோது அப்படி நின்றார்கள். அதே நபி, பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் பாட்டை நினைத்துத் தொழுகையைச் சுருக்கினார்கள்.

இதை எடுத்துக்கொண்டு சோம்பலுக்கு ஃபத்வா தேடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 45 நிமிடத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, பிள்ளையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு பதினைந்து நிமிடம் செல்போனைப் பார்த்தால், அது அமானத்தில் கை வைப்பது. ஓய்வு வேறு, திருட்டு வேறு. ஒத்துக்கொண்ட நேரத்துக்குள் முழுதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நேரத்துக்கு வெளியே ஓய்வு தேவைப்படுகிறது. பத்துப் பேரை எடுத்து ஏழாவது ஆளுக்குப் பிறகு வெறும் உடலாக உட்கார்ந்திருப்பதைவிட, ஆறு பேரை எடுத்து ஆறு பேருக்கும் ஆளாக இருப்பதே மேல் என்பது என் கருத்து. வருமானம் குறையும். காத்திருப்போர் பட்டியலில் நாலு பேர் இன்னும் காத்திருப்பார்கள். அந்த நாலு பேரின் வலியும் உண்மை. இதற்கு லேசான பதில் என்னிடம் இல்லை. ஆனால் இல்லாத பலத்தைக் கொடுக்கச் சொல்லி அல்லாஹ் யாரையும் கேட்கவில்லை.

இனி மூஸா (அலை) அவர்களிடம் வருவோம். பேச்சில் சிரமம் இருந்த நபி. ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோது அவர்கள் கேட்ட துஆ சூரா தாஹாவில் இருக்கிறது. நாமும் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அதன் வரிசையைப் பாருங்கள். முதலில் நெஞ்சை விரிவாக்கக் கேட்டார்கள். பிறகு காரியத்தை இலேசாக்க. அதற்குப் பிறகுதான் நாவின் முடிச்சு. அதோடும் நிறுத்தவில்லை, தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். நெஞ்சு இறுகிக் கிடந்தால் நாவு அவிழ்ந்தும் பயனில்லை. நபியாக இருந்தும் தனியாளாய்ச் சுமக்க ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு நுட்பத்தை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) காட்டுகிறார்கள். மக்கள் என் பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவிழ்த்துவிடு என்ற அளவோடுதான் மூஸா (அலை) கேட்டார்கள், குறை முழுவதும் நீங்க வேண்டும் என்று கேட்கவில்லை. இதைச் சொன்னபோது அந்தச் சகோதரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைத்தான் ஹஜ்ரத் நாங்களும் பெத்தவங்கட்ட சொல்றோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி பேசணும்னு கேக்காதீங்க, தனக்கு வேணும்கிறதைச் சொல்லிப் புரிய வைக்கணும், அதுதான் முதல் குறின்னு."

முடிவு நம் கையில் இல்லை என்பதும் இங்கேதான் வருகிறது. வெள்ளிக்கிழமையானால் சூரா கஹ்ஃப் ஓதுகிறோம். அதன் தொடக்கத்திலேயே, மக்கள் ஈமான் கொள்ளவில்லையே என்ற துக்கத்தில் உம்மை நீரே அழித்துக்கொள்வீரோ என்ற கருத்தில் அல்லாஹ் தன் தூதரைத் தேற்றுகிறான். எத்திவைப்பதுதான் நபிக்கே பொறுப்பு. ஒரு பிள்ளையின் வாயிலிருந்து 'அம்மா' வராததற்கு அந்தச் சகோதரி ராத்திரியெல்லாம் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த அல்ஹம்துலில்லாஹ் விஷயத்துக்கும் பதில் சொன்னேன். உள்ளத்தில் எழும் எண்ணத்தை, அதை வாயால் சொல்லாதவரை, செயலில் கொண்டுவராதவரை, இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்திருக்கிறான் என்று ஹதீஸில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் மகிழவில்லை. 45 நிமிடம் கிடைத்ததே என்று உங்கள் உடம்பு பெருமூச்சு விட்டது. அதைக் கெட்ட குணம் என்று எடுக்காதீர்கள், உடம்பு தன் உரிமையைக் கேட்கிறது என்று எடுங்கள்.

இப்போது நம் பக்கம். பிள்ளை இரண்டு வயதைத் தாண்டியும் சொற்கள் வரவில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவன் வாப்பாவும் அப்படித்தான்" என்று காத்திருக்கிறோம். தேன் தடவுகிறோம், ஓதிப் பார்க்கிறோம். துஆ செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? நாலு வயதில் கொண்டுபோய், இழந்த வருடங்களையெல்லாம் அந்த ஒருத்தியின் தலையில் வைத்து, ஆறு மாதத்தில் கேட்கிறோம். வாரத்துக்கு இரண்டு அமர்வு என்றால் 90 நிமிடம். வாரத்தில் 168 மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம்தான் இருக்கிறது, கையில் செல்போனோடு. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் அவரிடம் போய்க் கோபப்படுவது அநியாயம். இஷாவுக்குப் பிறகு அவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். அது அவருடைய மகளின் நேரம்.

போன வாரம் அவருடைய அத்தாவைப் பார்த்தேன். இப்போது எட்டுப் பேர்தானாம், இரண்டு பேருக்கு நடுவே பத்து நிமிட இடைவெளி கேட்டு வாங்கியிருக்கிறார். சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். மஃரிபுக்குப் பிறகு போனை அலமாரியில் வைத்துவிட்டு மகளோடு உட்காருகிறாராம். முதல் நாள் அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் ஸ்கூல் கதை ஆரம்பித்திருக்கிறது.

காய்ச்சலில் வராமல் போன அந்தச் சிறுவன் இன்னும் அம்மா என்று சொல்லவில்லை. போன மாதம் இவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயைக் காட்டினானாம். அதுவும் பேச்சுதான் என்று அவனுடைய தாயிடம் சொல்லியிருக்கிறார். இன்றைய துஆவில் அந்தச் சிறுவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமீன்.