மருந்தா, நஞ்சா?

வியாபாரத்தில் பொய் கூடாது, அளவில் குறைவு கூடாது என்று நம்மவர்க்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மதரஸாவில் பாயில் உட்கார்ந்த நாளிலேயே கேட்டதுதான். ஆனால் அளவும் சரி, விலையும் சரி, சரக்கும் நல்ல சரக்கு, வாங்குகிறவருக்கும் திருப்தி என்று இருக்கும்போதே ஒரு விற்பனை தவறாகுமா? அண்மையில் இக்கேள்வி நம் கடைக்கே வந்து நின்றது. அதை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய்ப் பக்கங்களில் ரப்பர் நின்ற பல இடங்கள் இன்று தாமான்களாகிவிட்டன. தாமான் வந்தால் அதன் ஓரங்களில் புல்லும் வரும். புல் அழிக்கும் குத்தகைக்காரரும் வருவார். அப்படி ஒருவர், நமது நெடுநாள் வாடிக்கைக்காரர், சென்ற மாதம் ஒரு பெரிய கேன் புல்மருந்து வாங்கினார். கூடவே ஐந்து வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை மேசைமேல் வைத்தார்.

"பாய், ஆள்கள் ஐந்து இடத்தில் வேலை செய்கிறார்கள். இதில் பிரித்து ஊற்றிக் கொடுங்கள்" என்றார்.

முடியாது என்றோம்.

"இது தடை செய்த சரக்கா? கிளைபோசேட்தானே! நான் காசு கொடுத்து வாங்கியதை எதில் ஊற்றினால் உங்களுக்கென்ன?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றும். பதில் சொல்லுமுன் நமது பழைய குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பாரகுவாட் விற்பனையில் இருந்த காலம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வயதான அம்மாள் ஒருவர் வருவார். வீட்டோரம் புல் மண்டிவிட்டது, பாம்புக்குப் பயமாயிருக்கிறது என்பார். முழுப் போத்தல் வாங்க அவரிடம் காசு இராது. ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டுவார். நாமும் இரண்டு வெள்ளிக்கு ஊற்றிக் கொடுப்போம். ஏழைக்கு உபகாரம் செய்வதாகவே எண்ணினோம். ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: பேரன் அந்தப் போத்தலைத் திறந்து வாயில் வைக்கப் போனானாம், நாற்றம் தாங்காமல் கீழே போட்டுவிட்டானாம். "வாலுப் பயல் பாய், எதையும் விடமாட்டான்" என்றார். அன்றும் அதே போத்தல்தான் அவர் கையில் இருந்தது. அன்றிரவு நமக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாற்றம் இயற்கையாக வந்ததன்று. 1962-இல் சந்தைக்கு வந்த பாரகுவாட், ஆரம்பத்தில் பழுப்பாக, கோலா பானம் போல இருந்தது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததைப் பானமென்று குடித்து மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. அதன் பிறகே நீலச் சாயமும், கெட்ட வாடையும், வாந்தி வரச் செய்யும் பொருளும் அதில் சேர்க்கப்பட்டன. ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரல் நாளுக்கு நாள் கெட்டு மூச்சு அடங்கும். முறிமருந்து கிடையாது. நம்மைப் போல் ஊற்றிக் கொடுத்தவர்களால் யார் யாரோ செத்தபின் வந்த பாதுகாப்புத்தான் அந்தப் பேரனைக் காப்பாற்றியது.

மருந்து என்று நாம் சொல்கிறோம். மருந்து வாங்கினேன், மருந்து அடித்தேன் என்பதே நம் பேச்சு. 1974-ஆம் ஆண்டில் இந்நாட்டில் வந்த சட்டமோ, தன் மலாய்ப் பெயரிலேயே 'ராச்சுன்', அதாவது நஞ்சு என்று நேராகச் சொல்கிறது. விற்க உரிமம் வேண்டும். பதிவான சரக்காக இருக்க வேண்டும். சீட்டு ஒட்டிய கலத்தில் இருக்க வேண்டும். நஞ்சின் கடுமைக்கேற்பச் சீட்டில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று பட்டை உண்டு. எச்சரிக்கை தமிழிலும் உண்டு. நாம் மருந்தென்று மழுப்புவதை அந்தச் சீட்டு நஞ்சென்று சொல்லிவிடுகிறது. வேறு போத்தலில் ஊற்றினால் அந்த வாயை அடைத்தவர்களாகிறோம்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காண மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தியை நாம் அறிவோம். சரக்கின் தீங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் சாரம். போத்தல்மேல் உள்ள சீட்டும் அந்த ஈரத் தானியத்தை மேலே எடுத்து வைப்பது போன்றதுதான்.

ஆனால் சட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் போதுமா? 2002-இல் தெனாகனிதா அமைப்பினர், தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் துன்பங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவ்வாண்டே பாரகுவாட்டை நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உரிமத்தோடு, சீட்டோடு விற்ற கடைக்காரர் சட்டப்படி குற்றவாளி அல்லர். ஆயினும் முதுகுப் பம்பு சுமந்த பெண்களின் தோலும் நகமும் சட்டத்தின் தேதி பார்த்துக் காத்திருக்கவில்லை. ஆகவே சட்டம் நம்மைத் தடுக்கும் இடம் ஒன்று. மனச்சாட்சி தடுக்க வேண்டிய இடம் அதற்கு முன்னதாகவே இருக்கிறது.

நாம் மறுத்தால் அடுத்த கடையில் கிடைக்குமே என்பர். கிடைக்கலாம். இலங்கையில் 2008-க்கும் 2011-க்கும் இடையே பாரகுவாட் உள்ளிட்ட சில நஞ்சுகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். சாக நினைப்பவர் வேறு வழி தேடுவார், விளைச்சலும் கெடும் என்ற பேச்சு அங்கும் எழுந்தது. ஆனால் நஞ்சருந்திய சாவுகள் குறைந்தன; நெல் விளைச்சல் குறையவில்லை. எளிதில் கைக்கு எட்டாமற் செய்தாலே உயிர் தப்புகிறது.

குத்தகைக்காரருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "அண்ணே, காசு கொடுத்தவர் நீங்கள், வெயிலில் தாகத்தோடு நிற்பவன் உங்கள் ஆள். அவனுக்கு மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது. தண்ணீர்ப் போத்தலைக் கண்டால் கை நீளத்தான் செய்யும். கிளைபோசேட்டும் குடிக்கும் பொருளல்ல." கேனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சீட்டோடு உள்ள சிறு போத்தல்கள் ஐந்தை லாபமின்றித் தருவதாகவும் கூறினோம். அவர் கணக்குப் பார்த்தார். அப்படியும் விலை கூடிற்று. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர் இன்றுவரை வரவில்லை.

நட்டம் நட்டந்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் நம் மேசைக்கு முன்னால் நிற்கிறவர் மட்டும் வாடிக்கைக்காரர் அல்லர். அவர் வீட்டுப் பேரனும், அவர் வேலையாளும் நம் சரக்கின் அமானிதத்தில் பங்குள்ளவர்கள். புல்மருந்து விற்கும் சகோதரர்கள், வெற்றுப் போத்தல் நீட்டப்படும்போது அவர்களையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.