செடி வரைந்த நோட்டு

 

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் ஓர் அன்பர் நம்மிடம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "ஹஜ்ரத், மகள் படம் படமாக வரைந்து வைத்திருக்கிறாள். மார்க்கத்தில் கூடாதே என்று எரிக்கப் போனேன். அழுகிறாள். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றார்.

விரித்துப் பார்த்தோம். மனிதரோ பிராணியோ ஒன்றுகூட இல்லை. கீழாநெல்லி, முருங்கைப்பூ, ஒரு வேப்பங்கொத்து.

இந்த மஸ்அலா புதியதன்று. உருவம் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். உருவம் செய்வோர் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது. செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரையலாம் என்று அவருக்கு வழி காட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. இதைத் தெரியாமல் நோட்டை எரிக்கப் புறப்படுகிறோம். நடிகை படம் போட்ட காலண்டரோ அதே வீட்டுச் சுவரில் ஆடிக்கொண்டிருக்கிறது!

‘கூடும்’ என்று சொல்லி நோட்டை உடனே திருப்பிக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை வரைந்த வேப்பிலையில் நடுநரம்பின் இருபுறமும் சமமாக இல்லை. அடியில் ஒருபுறம் குறுகியும் மறுபுறம் அகன்றும் இருந்தது. தவறாக வரைந்துவிட்டாள் என்றே எண்ணினோம். பள்ளிவாசல் முற்றத்து வேம்பில் ஓரிலை பறித்து ஒப்பிட்டோம். அவள்தான் சரி. ஏழு வருடமாக அந்த மரத்து நிழலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர் நாம்.

திருமறையின் அன்ஆம் சூரா 99-ஆம் வசனத்தில், பேரீச்சை, திராட்சை, ஸைத்தூன், மாதுளை இவற்றைச் சொன்ன அல்லாஹுத் தஆலா, காய்க்கும்போதும் பாருங்கள், கனியும்போதும் பாருங்கள் என்று ஏவுகிறான். ஒரு தடவை பார்ப்பது போதாது என்றல்லவா ஆகிறது? நாமோ கனிந்த பின் விலையைத்தான் பார்க்கிறோம்.

ஷாம் நாட்டில் ரஷீதுத்தீன் இப்னுஸ் ஸூரி என்றொரு ஹகீம் இருந்தார். ஹிஜ்ரி 573-ல் ஸூர் நகரில் பிறந்து 639-ல் காலமானவர். மூலிகை தேடி லெபனான் மலைக்குப் போகும்போது, வர்ணங்களுடன் ஓர் ஓவியரையும் அழைத்துச் செல்வாராம். இலையின் அளவு, கிளை, வேர், நிறம் எல்லாம் உள்ளபடியே வரவேண்டும். அதுவும் ஒரே செடியை மூன்று முறை: இளம்பச்சையாக இருக்கையில் ஒன்று, முதிர்ந்து விதை பிடித்தபின் ஒன்று, காய்ந்து சருகானபின் ஒன்று. தேடி வருபவர் எந்தப் பருவத்தில் கண்டாலும் அடையாளம் தெரியவேண்டுமே! மருந்தில் செடி மாறினால் உயிர் போய்விடும். அவரைக் கண்டு பழகிய இப்னு அபீ உஸைபிஆ இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் படங்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

பார்த்தோம் என்று நாம் நினைப்பதில் பாதி, பெயர் தெரிந்துகொண்டதுதான். பென்சிலைப் பிடித்தால் அந்த ஏமாற்று நடக்காது. காம்பில் இலை எந்த இடத்தில் சேர்கிறது என்று குனிந்து பார்த்தே தீரவேண்டும்.

அன்பரிடம் நோட்டைக் கொடுத்தோம். ஓரத்தில் தேதியும் போடச் சொல்லுங்கள், அதே கொத்தைப் பழம் பழுக்கும்போது இன்னொரு முறை வரையட்டும் என்றோம். அவர் முகம் தெளிந்து போனார். நமக்குத்தான் தெளியவில்லை. மதரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், ஒரு மாணவரின் கிதாபுக்குள் இருந்த தாளை, என்ன படமென்று விரித்துப் பார்க்காமலே கிழித்துப்போட்டோம். கீழே விழுந்த துண்டில் ஏதோ கொடி இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.