மரபின் அளவும் மரபின் பெறுமதியும்



ஒவ்வோர் உயிரின் கலத்துள்ளும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு பேரேடு உண்டு. அதை மரபணுத் தொகுதி என்பர். மனிதருடைய பேரேட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். நாம் கறிக்கு அரியும் வெங்காயத்துக்கோ ஏறத்தாழ 1,600 கோடி! அதனால் வெங்காயம் எம்மிலும் மேலானது என்று எவரும் சொல்லார். அப்படியானால் பெற்றோரிடமிருந்து எவ்வளவு வந்தது என்பது எதைத்தான் காட்டுகிறது? கணக்கு எழுதிப் பிழைக்கும் எம்மை இக்கேள்வி விடவில்லை.

இதை ஆராய்ந்தவர்களுள் நாம் வாழும் ஜேர்மனியின் தாவரவியலாளர்களும் உள்ளனர். இங்குள்ள சதுப்புக் குட்டைகளில் வாஸர்ஷ்லௌஹ் என்றொரு பூச்செடி வளர்கிறது. நீருக்கடியில் உள்ள சிறு பைகளால் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்பது அது. அதன் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வளரும் ஜென்லிசியா. பொன் நகரின் வில்ஹெல்ம் பார்த்லொட், வியன்னாவின் கிரைல்ஹூபர் முதலியோர், பூக்கும் தாவரங்களுள் மிகச் சிறிய மரபணுத் தொகுதிகள் இக்குடும்பத்தில் இருப்பதை 2006இல் அறிவித்தனர். 2014இல் பிளைஷ்மன் குழுவினர் அளந்த ஜென்லிசியா ஒன்றில் 6 கோடியே 10 இலட்சம் எழுத்துகளே இருந்தன.

ஆனால் உடன்பிறப்புகள் எல்லாம் ஒரே அளவினவல்ல. காட்டர்ஸ்லேபன் ஆய்வு நிலையத்தார் 2015இல் இரண்டு ஜென்லிசியாக்களை ஒப்பிட்டனர். ஒன்றில் 8 கோடியே 60 இலட்சம் எழுத்துகள். மற்றதில் 155 கோடி. பெரியதில் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்திருந்தது. தம்மைத் தாமே பிரதி எடுக்கும் துணுக்குகளும் பெருகியிருந்தன. சிறியதிலோ முறிந்த இழைகள் ஒட்டப்படும் போது துண்டுகள் விடுபட்டுப் போயிருந்தன. சத்தற்ற நிலத்தில் வாழ்வதால் சிக்கனம் வந்ததென்று சொல்லலாமா? பெரியதும் அத்தகைய நிலத்திலேதான் வாழ்கிறது! சிறுமையும் தவமல்ல, பெருமையும் செல்வமல்ல.

தமிழில் மரபணுவுக்கும் எமது பழக்க வழக்கங்களுக்கும் 'மரபு' என்ற ஒரே சொல்தான். இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு நாம் கையளிக்கும் மரபிலும் பிரதி எடுக்கும் துணுக்குகள் இல்லையா? ஒரு வீட்டார் சாமத்தியச் சடங்குக்குப் பெரிய மண்டபம் எடுத்தால், அடுத்த வீட்டார் அதிலும் பெரியது எடுக்கின்றனர். ஏன் என்று கேட்டால், "அவை செய்தவை, நாங்களும் செய்ய வேணும்" என்பதே விடை. இதைக் கண்டு, எல்லாவற்றையும் குறைத்துவிடுவோம் என்கின்றனர் சிலர்.

அங்கேதான் நாம் தயங்குகிறோம். முன்பு குப்பை என்று ஒதுக்கப்பட்ட எழுத்துகளுள் சில, எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்பதை நெறிப்படுத்துவன என்று பின்னர் தெரிய வந்தது. எது குப்பை என்பது பார்த்தவுடனே தெரிவதில்லை.

எமது வீட்டிலும் அப்படி ஒரு பதிவை வெட்டினோம். மகனுக்குக் கணிதத்தில் புள்ளி குறைந்தபோது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒரு வருடம் நிறுத்தினோம். ஒரு வருடம் மூன்றாயிற்று. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து அப்பம்மா தொலைபேசியில் அழைத்தால், "ஓம் அப்பம்மா, சுகம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எம்மிடம் நீட்டுகிறான். அவவும் மேலே கேட்பதில்லை. கணிதத்தில் அவன் தேறிவிட்டான். அந்த மௌனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

செடியின் இழப்பு கண்மூடித்தனமானது. அதற்குப் பொறுப்பாளி எவரும் இல்லை. எமது இழப்புக்கு நாமே பொறுப்பாளிகள். ஆதாரச் சீட்டைத் தேடாமல் ஒரு பதிவை அழிப்பது கணக்காளனுக்கு அழகல்ல. தேடாமலே ஆண்டுதோறும் அதைப் பிரதி செய்வதும் அழகல்ல. ஆகவே பிள்ளை "இது எதற்கு?" என்று டொச் மொழியில் கேட்டாலும் அதட்டாமல் இருப்போம். விடை தெரிந்தால் அவனுக்கு விளங்கும் மொழியிலே சொல்வோம். தெரியாவிட்டால், தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு அறிவோம். அதன் பின்னரே வைப்பதா விடுவதா என்று தீர்மானிப்போம்.

இவ்வாரம் அப்பம்மா அழைக்கும்போது, மகன் அருகில் நாமும் இருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க எண்ணியுள்ளோம்.