கத்தியை யார் கையில் கொடுப்பது?

"ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே. அப்படியிருக்க, புற்றுநோய் ஆபரேஷனுக்கு இந்த டாக்டரா, அந்த டாக்டரா என்று விசாரித்து அலைவது தவக்குலுக்குக் குறைவு அல்லவா?" இப்படிக் கேட்கும் சகோதரர்கள் உண்டு. கேள்வி ஈமானின் உறுதியில் பிறந்ததுபோல் தோன்றும். ஆனால் பல வீடுகளில் அது சோம்பலுக்கும் தாட்சண்யத்துக்கும் போர்த்திய போர்வையாகவே இருக்கிறது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில், ஸைது இப்னு அஸ்லம் (ரஹ்) வாயிலாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. காயம்பட்டு இரத்தம் கட்டிக்கொண்ட ஒருவருக்காக, பனூ அன்மார் கூட்டத்தாரில் இருவர் அழைக்கப்பட்டனர். அவ்விருவரில் வைத்தியத்தில் மேலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். நோயை இறக்கியவனே மருந்தையும் இறக்கினான் என்று அவர்கள் விளக்கியதும் அதே சபையில்தான். நிவாரணம் அல்லாஹ்விடம் என்று போதித்த பெருமானார் அவர்களே கைதேர்ந்தவரைத் தேடினார்கள் என்றால், தேடுவது தவக்குலுக்கு எதிரி ஆகுமா?

தேர்ச்சியின் வித்தியாசம் சொற்பமானதும் அன்று. அமெரிக்காவில் முதியோரிடம் நடத்தப்பட்டு 2002ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். கணையப் புற்றுநோய் ஆபரேஷனை மிக அரிதாகச் செய்த ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்குச் சுமார் 16 பேர் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்த இடங்களில் 4 பேருக்கும் குறைவு. எல்லா ஆபரேஷன்களிலும் இடைவெளி இவ்வளவு பெரிதல்ல. ஆயினும் கடினமான ஆபரேஷனுக்குப் பழகிய கை வேண்டும் என்பது தெளிவு.

ஆகவே டாக்டரிடம் மரியாதையோடு கேளுங்கள்: இதே ஆபரேஷனை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? சதைப் பரிசோதனையில் நோய் உறுதியாகிவிட்டதா? கத்திக்கு முன் மருந்தோ கதிர்வீச்சோ தேவையா? அத்துறை டாக்டர்களுடன் மஷ்வரா செய்தீர்களா? மார்பகப் புற்றுநோய்க்கு மார்பு முழுவதையும் அகற்றுவதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. தகுந்த நிலையில் உள்ளவர்களுக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 1985ல் வெளியான ஆய்வு காட்டியது. இருவழி இருக்கையில் ஒன்றை மறைப்பவர் எத்துணைத் திறமைசாலியாயினும் அமானிதத்தில் குறைந்தவரே.

"நம்மவர் ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் போகாவிட்டால் மனம் வருந்துவாரே" என்பார்கள். ஹிஜ்ரத் பயணத்தில் உயிரே ஆபத்திலிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டது முஸ்லிமல்லாத அப்துல்லாஹ் இப்னு உரைகித்தை. வழியறிவும் நம்பகமுமே அங்கு தகுதியாயின. பெண் நோயாளிக்குப் பெண் டாக்டரைத் தேடுவதே முறை. ஆனால் தேர்ச்சி மிகுந்தவரை, அவர் வேறு பாலினத்தவராயினும் வேறு மதத்தவராயினும் முற்படுத்தலாம் என்று பிற்கால ஷாஃபிஈ சட்ட நூல்களிலேயே காணப்படுகிறது. உயிரின் மதிப்பை நமது ஃபுகஹாக்கள் அறியாதவர்கள் அல்லர்.

தேர்ச்சிக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. குர்துபா பகுதியில் வாழ்ந்த ரண சிகிச்சை மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, புற்றுக்கட்டி தொடக்க நிலையில், முழுதாக அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் அறுக்கலாம் என்றும், முற்றிப் பெரிதாகிவிட்டால் அதை நெருங்கலாகாது என்றும் எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளில் வைத்தியம் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. எனினும் "இது என்னால் ஆகாது, இன்னாரிடம் போங்கள்" என்று சொல்லத் தெரிந்த டாக்டரே நம்பத்தக்கவர் என்பது மாறவில்லை.

தேடலுக்கும் ஓர் எல்லை உண்டு. புற்றுநோய் நமக்காகக் காத்திராது. மாதக்கணக்கில் அலைவதும் குற்றமே. வசதிக்கும் தூரத்துக்கும் உட்பட்டவர்களில் மேலானவரைத் தேர்ந்துகொண்டால் கடமை தீர்ந்தது. 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி போன்ற இடங்கள் ஏழைகளுக்காகவும் இருக்கின்றன. அங்கு செல்ல ரயில் செலவுக்கு வழியில்லாதவருக்கு உதவுவது மஹல்லாவின் பொறுப்பு அல்லவா?

இவ்வளவும் செய்த பின் முடிவு வேறாக அமைந்தால், "அங்கே போயிருக்கலாமே" என்று வீட்டாரை யாரும் குத்திக் காட்டவேண்டாம். தேர்ந்தெடுப்பது மட்டுமே நம் கையில். தவக்குலின் இடம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.