முருகன் ஏன் காப்பாத்தல?



என் நண்பன் கார் விபத்துல போய்ச் சேர்ந்து 3 வருஷம் ஆகுது. கந்த சஷ்டி கவசம் சொல்லாம வீட்டை விட்டுக் கிளம்பாதவன். எதிர்ல வந்த கார் ஒரு லாரியை முந்தப் பார்த்து இவன் பக்கம் ஏறிடுச்சு. துக்கத்துக்கு வந்தவங்கள்ல சிலர், "இவ்வளவு கும்பிட்டானே, முருகன் காப்பாத்தலையே"ன்னாங்க. மத்தவங்க, "விதி முடிஞ்சுது"ன்னாங்க.

ரெண்டையுமே என்னால ஏத்துக்க முடியல. பழி ஒண்ணு சாமி மேல போகுது, இல்லன்னா விதி மேல போகுது. ஸ்டியரிங் பிடிச்சிருந்த கையைப் பத்தி யாருமே பேசல.

60 கிலோமீட்டர் தூரத்தை 80 வேகத்துல போனா 45 நிமிஷம், 100ல போனா 36 நிமிஷம். மிச்சம் 9 நிமிஷம். ஆனா எதிரெதிரே ரெண்டு வண்டியும் 80ல வந்தா, நடுவுல இருக்கிற தூரம் ஒரு நொடிக்கு 44 மீட்டர் குறையும். 'முந்திடலாம்'னு நினைச்சு முடிக்கிறதுக்குள்ள இடம் காலி.

கவசத்துல தேவராய சுவாமிகள் உடம்போட ஒவ்வொரு உறுப்பையும் சொல்லி, வேல் காக்கணும்னு வேண்டுறார். இப்போ அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வருது. இது என் கண்ணுக்கும் என் காலுக்கும் மட்டும்தானா? தைப்பூசத்துக்கு ராத்திரி முழுக்க ரோட்டோரமா பழனிக்கு நடக்கிறாங்க. வேல் ஸ்டிக்கர் ஒட்டின கார் ஹார்ன் அடிச்சுக்கிட்டே அவங்களை உரசிட்டுப் போகுது. (உலகத்தையே சுத்தி வந்தும் பழம் கிடைக்காம, கோவிச்சுக்கிட்டு வந்து நின்ன சாமியைப் பார்க்க இவ்வளவு அவசரம்!) நடக்கிறவரோட காலை வேல் காக்கணும்னா, கார் ஓட்டுறவரோட கால் பிரேக்குக்குப் போகணும். முருகன் அந்தக் கால் வழியாவும்தான் காப்பாத்துறார்னு நான் நம்புறேன்.

"அப்போ அன்னிக்கு அந்தக் காலை ஏன் அவர் பிரேக்குக்குக் கொண்டு போகல?"ன்னு என் தம்பி கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சன்னதியில நின்னு அவர்கிட்டயே கேட்டிருக்கேன். கோவம் இன்னும் முழுசா போகல. கவசம் சொல்றதையும் விடல.

இப்பல்லாம் பின்னாடி யாராவது லைட் அடிச்சு அவசரப்படுத்தினா, இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டுடறேன். "பார்த்துப் போ முருகா"ன்னு வாய்ல தானா வந்துடுது. யாரோ, எந்த வீட்டுக்குப் போறாரோ.

வேலும் மயிலும் துணை.